புது விண்டோ எங்கே திறக்கணும்னு யார் முடிவு பண்றாங்க?

1/ இரவு 2 மணி. மெடிக்கல் வார்டு டியூட்டி. ஒரே பேர்ல ரெண்டு பேர் அட்மிஷன்ல இருந்தாங்க. ஒருத்தருக்கு 61 வயசு, சிறுநீரகப் பிரச்சினை. இன்னொருத்தருக்கு 34 வயசு, காய்ச்சல். ரெண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை அனுப்பியிருந்தோம். ரிசல்ட் கம்ப்யூட்டர்ல வரும்.

2/ பெரியவரோட ரிசல்ட்டை கிளிக் பண்ணேன். சிஸ்டம் அப்படியே நின்னுடுச்சு. நம்ம எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தான், திரும்ப ஒரு கிளிக். கொஞ்ச நேரம் கழிச்சு விண்டோ திறந்தது. பொட்டாசியம் 4.0. "அப்பாடா, நார்மல்"னு கேஸ் ஷீட்ல எழுதப் போனேன்.

3/ பக்கத்துல நின்ன சிஸ்டர் கேட்டாங்க: "டாக்டர், அவருக்கு நேத்துல இருந்து யூரினே சரியா போகலையே. பொட்டாசியம் நார்மலாவா வந்திருக்கு?" அப்பதான் ஸ்கிரீனை ஒழுங்கா பாத்தேன். பேர் அதேதான். வயசு 34.

4/ அந்த விண்டோவை மவுஸால பிடிச்சு ஓரமா இழுத்தேன். அதுக்கு அடியில, அதே அளவுல, அதே இடத்துல, ஒரு மில்லிமீட்டர் கூட விலகாம இன்னொரு விண்டோ. பெரியவரோடது. பொட்டாசியம் 6.9.

5/ 6.9ன்னா என்ன அர்த்தம்னு பொதுமக்களுக்குச் சொல்லிடறேன். பொதுவா 3.5 முதல் 5 வரை இருக்கணும். 6.9ல இதயத் துடிப்பு எந்த நேரமும் தாறுமாறாகி நின்னு போகலாம். உடனே ஈ.சி.ஜி., கால்சியம் குளுக்கோனேட், டெக்ஸ்ட்ரோஸோட இன்சுலின், எல்லாம் ஆரம்பிச்சோம். விடியறப்போ அளவு இறங்கியிருந்தது. அந்த சிஸ்டர் கேட்காம இருந்திருந்தா? அதை நினைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது.

6/ நடந்தது இதுதான். முதல் கிளிக்குக்குப் பெரியவரோட விண்டோ வந்தது. ரெண்டாவது கிளிக் ஒரு வரி கீழே விழுந்து, இளைஞரோட விண்டோவைத் திறந்தது. அது முதல் விண்டோவை முழுசா மூடிட்டு உக்காந்துடுச்சு. தப்பு என்னோடதுதான், வயசைப் பாத்திருக்கணும். ஆனா அதோட ஒரு கேள்வியும் மனசுல ஒட்டிக்கிச்சு. அந்த விண்டோ ஏன் சரியா அங்கேயே திறந்தது? அதை யார் முடிவு பண்ணாங்க?

7/ நான் எம்.பி.பி.எஸ். படிச்ச அரசு மருத்துவர். கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி 50 வருஷக் கதை இருக்குன்னு படிக்கப் படிக்கத் தெரிஞ்சது. சண்டை, கோர்ட் கேஸ், ஒரு தலைக்காயம் கூட உண்டு. கொஞ்சம் நீளமான இழை. டீ ஒண்ணு எடுத்துட்டு வாங்க.

8/ முதல்ல, இந்தக் கேள்வியே இல்லாத ஒரு காலம் இருந்தது. 1960கள்ல கம்ப்யூட்டரோட பேசறதுக்குத் துளையிட்ட அட்டை, தட்டச்சு மாதிரி ஒரு டெர்மினல், அவ்வளவுதான். ஒரு திரை, ஒரு வேலை. அடுத்த வேலை வேணும்னா முதல் வேலையை முடிக்கணும்.

9/ 1968 டிசம்பர் 9. சான் ஃபிரான்சிஸ்கோவுல டக்ளஸ் ஏங்கல்பார்ட் ஒரு செயல்விளக்கம் காட்டினார். மவுஸை உலகம் பாத்தது அங்கதான். திரையைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, ஒரு பக்கம் எழுத்து, இன்னொரு பக்கம் தூரத்துல இருக்கிற சக ஊழியரோட முகம்னு காட்டினார். திரைங்கிறது பங்கு போடக்கூடிய இடம்ங்கிற எண்ணம் அப்ப பரவ ஆரம்பிச்சது.

10/ அடுத்த காட்சி கலிஃபோர்னியாவுல இருக்கிற ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடம். 1973ல ஆல்டோன்னு ஒரு கம்ப்யூட்டர் செஞ்சாங்க. திரை நம்ம கேஸ் ஷீட் மாதிரி நெட்டுக்குத்தா நிக்கும். அகலம் 606 புள்ளி, உயரம் 808 புள்ளி. இவ்வளவு சின்ன இடத்துல பல வேலையை எப்படி வைக்கிறது?

11/ ஆலன் கே குழுவோட பதில்: மேஜை மேல காகிதத்தை எப்படி வைக்கிறோமோ அப்படி. ஒண்ணு மேல ஒண்ணு. பாதி மறைஞ்சா என்ன, தேவைப்படும்போது மேல எடுத்துக்கலாம். ஸ்மால்டாக் என்ற அவங்க மொழிச் சூழல்ல இப்படித்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும் விண்டோக்கள் பிறந்தன.

12/ ஏறலாம்னு சொன்ன உடனே நம்ம கேள்வி வந்துடுச்சு. புதுக் காகிதத்தை எங்கே வைக்கிறது? ஸ்மால்டாக்கோட பதில் ரொம்ப நேர்மையானது: "உங்ககிட்டயே கேட்டுடறேன்." புது விண்டோ வேணும்னா மவுஸால ஒரு மூலையைக் குறிக்கணும், எதிர் மூலை வரை இழுக்கணும். அங்கதான் திறக்கும். தப்பு நடக்க வாய்ப்பு கம்மி. ஆனா ஒவ்வொரு தடவையும் இதே வேலை.

13/ 1981ல ஜெராக்ஸ் நிறுவனம் ஸ்டார்னு ஒரு கம்ப்யூட்டரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. விலை 16,000 டாலருக்கும் மேல. இதுல ஆச்சரியம் என்னன்னா, விண்டோக்களை ஒண்ணு மேல ஒண்ணு ஏற விடும் யோசனை பிறந்த அதே கம்பெனி, ஸ்டார்ல அதை விட்டுட்டு, பக்கத்துல பக்கத்துல ஓடு பதிச்ச மாதிரி அடுக்கியது.

14/ ஏன்? பயனர்களை உக்கார வெச்சு கவனிச்சிருக்காங்க. ஜனங்க விண்டோக்களை நகர்த்தறதுலயே நேரத்தைச் செலவு பண்றாங்க. எதுக்கு நகர்த்தறாங்கன்னு பாத்தா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கறதுக்காக! "அப்ப அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யட்டுமே"ன்னு முடிவு பண்ணாங்க. அப்புறம் வந்த பதிப்புல, ஏற விடும் வசதியையும் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது.

15/ அதே காலகட்டத்துல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல ஐ.பி.எம். உதவியோட ஆண்ட்ரூன்னு ஒரு திட்டம். அதுலயும் ஓடு பதிக்கிற முறைதான். அதோட விண்டோ மேனேஜரை எழுதினவர் ஜேம்ஸ் காஸ்லிங். பிற்காலத்துல ஜாவா மொழியை உருவாக்கினவரும் இவர்தான்.

16/ இப்ப ஆப்பிள். 1979ல ஆப்பிள்காரங்க ஜெராக்ஸ் பார்க்கைச் சுத்திப் பாக்கப் போனாங்க. அதுல பில் அட்கின்சன்னு ஒரு புரோகிராமர். பாதி மறைஞ்ச விண்டோவுல, தெரியற பகுதியை மட்டும் கம்ப்யூட்டர் தானாவே திரும்ப வரையுதுன்னு அவர் பாத்ததா நினைச்சுக்கிட்டார். உண்மையில ஸ்மால்டாக் அதைச் செய்யவே இல்லை.

17/ "அவங்க செஞ்சுட்டாங்க, நம்மாலயும் முடியும்"னு நம்பி உக்காந்து, நிஜமாவே ஒரு வழியைக் கண்டுபிடிச்சுட்டார். அதுக்குப் பேர் ரீஜன்ஸ். எவ்வளவு கோணல்மாணலான வடிவமா இருந்தாலும், எந்தப் பகுதி கண்ணுக்குத் தெரியும், எது மறைஞ்சிருக்குன்னு வேகமாக் கணக்குப் போடும் முறை. தப்பா ஞாபகம் வெச்சதால ஒரு கண்டுபிடிப்பு!

18/ தலைக்காயம்னு சொன்னேன்ல? அந்த நாட்கள்ல அட்கின்சன் தன் காரை ஒரு டிரக்ல மோதிட்டார். நினைவு தப்பிடுச்சு. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். கண் முழிச்ச அட்கின்சன் சொன்னது: கவலைப்படாதீங்க, ரீஜன்ஸ் எப்படிப் பண்றதுன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

19/ தலைக்காயத்தோட வர்றவங்ககிட்ட நாங்க மூணு கேள்வி கேட்போம். நீங்க யார், இது எந்த இடம், இன்னிக்கு என்ன நாள். இவர் கேட்காத நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கார். ஜூனியர்களுக்குத் தலைக்காயம் பத்திச் சொல்லும்போது இந்தக் கதையைச் சேர்த்துச் சொல்றேன். அட்கின்சன் 2025 ஜூன்ல காலமானார்.

20/ 1984 ஜனவரில மேக்கின்டாஷ் வந்தது. திரை 512க்கு 342 புள்ளிதான். அதோட ஃபைண்டர்ல ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒரு ஃபோல்டரை நீங்க எங்கே வெச்சு மூடினீங்களோ, அடுத்த தடவை அதே இடத்துல, அதே அளவுல திறக்கும். வீட்டுல சாவி மாட்டற ஆணி மாதிரி. கை தானாப் போகும்.

21/ "போன தடவை இருந்த இடம்" என்ற இந்த விதி, ஒரு ஃபோல்டருக்கு ஒரு விண்டோன்னு இருக்கற வரைக்கும் அருமை. ஆனா ஒரே மாதிரி பல விண்டோக்களைத் திறக்கற ஒரு மென்பொருள், எல்லாத்துக்கும் ஒரே "போன தடவை"யை ஞாபகம் வெச்சுக்கிட்டா என்ன ஆகும்? எல்லாம் ஒரே இடத்துல குவியும். எங்க வார்டுல அன்னிக்கு நடந்தது இதுதான்.

22/ மைக்ரோசாஃப்ட் பக்கம் வருவோம். 1985 நவம்பர்ல விண்டோஸ் 1.0. பேர்லயே விண்டோ இருக்கு, ஆனா முக்கிய விண்டோக்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏற முடியாது. புதுசு வந்தா பழசு சுருங்கி இடம் விடும். பஸ்ல மூணு பேர் சீட்ல நாலாவது ஆள் உக்காரற மாதிரி.

23/ 1987 கடைசில விண்டோஸ் 2.0. இப்ப ஒண்ணு மேல ஒண்ணு ஏற ஆரம்பிச்சது. 1988 மார்ச்ல ஆப்பிள் கேஸ் போட்டது. 1985 ஒப்பந்தம் 1.0க்கு மட்டும்தான் அனுமதி தந்ததுங்கிறது அவங்க வாதம். 2.0ல புதுசா வந்த, ஏறும் விண்டோக்கள் வழக்குல ஒரு முக்கிய விஷயம். வருஷக்கணக்கா நடந்து, 1994ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் மைக்ரோசாஃப்ட் பக்கமே தீர்ப்பு சொன்னது.

24/ ஏறலாம்னு ஆனதும் அவங்களுக்கும் அதே கேள்வி. எங்கே வைக்கிறது? விண்டோஸ்ல புரோகிராம் எழுதறவர் இடத்தைக் குறிப்பிடாம, "நீயே பாத்து வை"ன்னு சிஸ்டத்துக்கிட்ட விடலாம். அப்ப சிஸ்டம் படிக்கட்டு முறையில வைக்கும். ஒவ்வொரு புது விண்டோவும் முந்தினதை விடக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் வலது பக்கம்.

25/ எவ்வளவு தள்ளி? கீழ இருக்கிற விண்டோவோட தலைப்புப் பட்டை தெரியற அளவுக்கு. எந்த வார்டுலயும் சிஸ்டர் மேஜையைப் பாருங்க. கேஸ் ஷீட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும்போது, பேரும் பெட் நம்பரும் தெரியற மாதிரி கொஞ்சம் விலக்கி வெச்சிருப்பாங்க. உள்ளே இருக்கறதைப் பூரா காட்ட வேண்டாம். பேர் மறையக் கூடாது. அதே தத்துவம்தான்.

26/ இதுக்கும் ஒரு எல்லை உண்டு. படி இறங்கிக்கிட்டே போனா திரை முடிஞ்சுடும். அப்ப திரும்ப மேல இடது மூலைக்குப் போகும். பல விண்டோ திறந்து, நடுவுல சிலதை மூடி, சிலதை நகர்த்தினா இந்தப் படிக்கட்டு கலைஞ்சு போகும். காலி இடம் பக்கத்துலயே இருந்தாலும் அது கண்டுக்காது. அதுக்குத் தெரிஞ்சது அடுத்த படி மட்டும்தான்.

27/ இன்னொரு பக்கம், 1984ல எம்.ஐ.டி.யில எக்ஸ் விண்டோ சிஸ்டம் பிறந்தது. ஸ்டான்ஃபோர்டில இருந்து வந்த டபிள்யூ என்ற சிஸ்டத்துக்கு அடுத்தது, அதனால அடுத்த எழுத்து எக்ஸ். பாப் ஷீஃப்லர், ஜிம் கெட்டிஸ் இவங்கதான் முக்கியமானவங்க. 1987ல வந்த 11வது பதிப்புதான் லினக்ஸ் உலகத்தைப் பல வருஷம் தாங்கிப் பிடிச்சது.

28/ எக்ஸோட கொள்கை வித்தியாசமானது. "விண்டோவை வைக்கவும் நகர்த்தவும் வசதி தருவோம். எங்கே வைக்கணும்னு நாங்க சொல்ல மாட்டோம்." அந்த முடிவை எடுக்கறதுக்குத் தனியா ஒரு புரோகிராம், அதுதான் விண்டோ மேனேஜர். பிடிக்கலையா, அதை மட்டும் தூக்கிட்டு வேற ஒண்ணு போட்டுக்கலாம்.

29/ இதுதான் வரலாற்றுலயே சுவாரசியமான திருப்பம்னு நினைக்கிறேன். அது வரைக்கும் கம்பெனி முடிவு பண்ணுச்சு. இங்க கதவைத் திறந்து விட்டுட்டாங்க. நூத்துக்கணக்கான பேர் ஆளுக்கு ஒரு பதில் எழுத ஆரம்பிச்சாங்க.

30/ ஆரம்பத்துல பிரபலமானது டாம் லாஸ்ட்ரேஞ்ச் 1987ல எழுதின டி.டபிள்யூ.எம். புது விண்டோ வந்தா உடனே திறக்காது. வெறும் கோட்டுச் சட்டம் ஒண்ணு மவுஸோட ஒட்டிக்கிட்டு வரும். நீங்க எங்கே கிளிக் பண்றீங்களோ அங்க விண்டோ உக்காரும். ஸ்மால்டாக்கோட பழைய பதில்தான். சலிச்சுப் போனவங்க அமைப்பை மாத்தி, "நீயே வெச்சுக்கோ"ன்னு விட்டுடலாம்.

31/ இங்க இன்னொரு பிரச்சினை. இடத்தைப் பத்தி ரெண்டு பேர் பேசறாங்க. ஒண்ணு, பயனர். இன்னொண்ணு, மென்பொருள். ரெண்டும் முரண்பட்டா யார் பேச்சைக் கேக்கறது? எக்ஸ் விதிமுறையில இதுக்குத் தெளிவா ரெண்டு தனித்தனிக் குறிப்பு வெச்சாங்க. "இந்த இடத்தைப் பயனர் சொன்னார்" என்பது ஒண்ணு. "இந்த இடத்தைப் புரோகிராம் சொல்லுது" என்பது இன்னொண்ணு.

32/ பயனர் சொன்னதை மதிக்கணும். புரோகிராம் சொன்னதை, தேவைப்பட்டா ஓரம் கட்டலாம். ஓ.பி.யில உக்காந்தவங்களுக்கு இது உடனே புரியும். நோயாளி "இங்க வலிக்குது"ன்னு கை வெச்சுக் காட்டறது வேற. கூட வந்தவர் "அவருக்கு அங்கதான் வலி"ன்னு சொல்றது வேற. ரெண்டையும் கேப்போம். முரண்பட்டா முதல்ல நோயாளி.

33/ 1990கள்ல கணக்கு உள்ளே வந்தது. எஃப்.வி.டபிள்யூ.எம். என்ற மேனேஜரும், அதுல இருந்து யோசனை வாங்கிக்கிட்ட கே.டி.ஈ.யும், "திரையில இருக்கறதை எது குறைவா மறைக்குமோ, அங்க வை"ன்னு ஆரம்பிச்சாங்க. கேக்க எளிது. ஆனா 1920க்கு 1080 திரையில 20 லட்சத்துக்கும் மேல புள்ளிகள் இருக்கு. ஒவ்வொண்ணாவா பாக்கறது?

34/ தேவையில்லை. அறைக்குள்ள ஒரு புதுக் கட்டில் போடணும்னு வைங்க. நடுவுல எங்கெங்கேயோ போட்டுப் பாக்க மாட்டோம். சுவரை ஒட்டி, இல்லன்னா இருக்கிற கட்டிலை ஒட்டித்தான் போட்டுப் பாப்போம். இங்கயும் அதேதான். மறைபடற பரப்பு மிகக் குறைவா இருக்கிற இடம் ஒண்ணு, திரையோட விளிம்போ இன்னொரு விண்டோவோட விளிம்போ சேர்ற இடங்கள்ல கட்டாயம் கிடைச்சுடும். அஞ்சாறு விண்டோ இருந்தா சில நூறு இடங்களைச் சோதிச்சாப் போதும்.

35/ நோம் டெஸ்க்டாப்புக்கு வந்த மெட்டாசிட்டி வேற வழி எடுத்தது. "முதல்ல பொருந்தற இடம்." மேல இடது பக்கத்துல ஆரம்பிச்சு, இருக்கிற ஒவ்வொரு விண்டோவோட கீழே, அப்புறம் வலப்பக்கம்னு பாக்கும். எதையும் மறைக்காத இடம் கிடைச்ச உடனே நிறுத்திடும். எங்கயும் பொருந்தலைன்னா பழைய படிக்கட்டு முறை.

36/ கேள்விப் பெட்டி மாதிரிச் சின்ன விண்டோக்களுக்குத் தனி விதி. "சேமிக்கவா, வேண்டாமா?"ங்கிற பெட்டி, எந்த விண்டோ கேக்குதோ அதுக்கு நடுவுல வரணும். இல்லன்னா யார் கேக்கறாங்கன்னே தெரியாது. ஆப்பிள்ல விண்டோவை நடுவுல வைன்னு சொன்னா, நட்ட நடுவுல வைக்காம கொஞ்சம் மேல தூக்கி வைக்கும். கண்ணுல உடனே படறதுக்காக.

37/ இடம் மட்டும் போதாது. புதுசா வர்ற விண்டோ, நீங்க தட்டச்சு செய்யறதையும் பிடுங்கிக்கணுமா? நீங்க ஏதோ எழுதிட்டு இருப்பீங்க, நடுவுல ஒரு பெட்டி குதிக்கும், நீங்க அழுத்தின என்டர் அதுக்குப் போய் "சரி"ன்னு ஆயிடும். என்னத்துக்குச் சரின்னு சொன்னோம்னே தெரியாது. மருந்து எழுதற இடத்துல இது எவ்வளவு ஆபத்துன்னு யோசிங்க.

38/ விண்டோஸ் 98, 2000 காலத்துல இதுக்குக் கடிவாளம் போட்டாங்க. பின்னாடி ஓடற புரோகிராம் தானா முன்னாடி வர முடியாது. டாஸ்க் பார்ல அதோட பட்டன் மட்டும் மினுக்கும். லினக்ஸ் பக்கம், பயனர் கடைசியா எந்த விண்டோவை எப்ப தொட்டார்னு நேரத்தைக் குறிச்சு வெச்சு ஒப்பிடற முறை வந்தது. நீங்க வேற வேலைக்குப் போன பிறகு தாமதமா வர்ற விண்டோ, பின்னாடி நிக்கும்.

39/ சரி, ஏறுவது நல்லதா, ஓடு பதிப்பது நல்லதா? 1986லயே சாரா பிளை, ஜாரெட் ரோசன்பெர்க் இருவரும் ஜெராக்ஸ் பார்க்ல சோதிச்சுப் பாத்தாங்க. விண்டோவை அதிகம் நகர்த்தத் தேவையில்லாத வேலைக்கு, ஓடு பதிச்ச முறை வேகமானது. நிறைய மாத்தி மாத்திப் பாக்க வேண்டிய வேலைக்கு, ஏறும் முறை வேகமானது, ஆனா நல்லாப் பழகினவங்களுக்கு மட்டும். வேலையையும் ஆளையும் பொறுத்து மருந்து மாறுது.

40/ சந்தையில ஏறும் முறைதான் ஜெயிச்சது. ஆனா ஓடு பதிப்பது சாகலை. 2007ல எக்ஸ்மோனாட், 2009ல ஐ3 மாதிரி மேனேஜர்கள் லினக்ஸ்ல வந்தன. அதே 2009ல விண்டோஸ் 7, விண்டோவை ஓரத்துல இழுத்தா பாதித் திரையை நிரப்பற வசதியைத் தந்தது. 2021ல விண்டோஸ் 11 கட்டம் கட்டமாக் காட்டியது. 2024ல மேக்கும் சேர்ந்துக்கிச்சு. 1981ல ஸ்டார் சொன்னதை 43 வருஷம் கழிச்சு!

41/ அதிகாரச் சண்டையும் முடியலை. 2008ல ஆரம்பிச்ச வேலேண்ட், எக்ஸுக்கு மாற்றா வந்தது. அதுல சாதாரண மென்பொருளுக்குத் தன் விண்டோ திரையில எங்கே இருக்குன்னே தெரியாது. கேட்டு வாங்கவும் வழியில்லை. முடிவு முழுக்கத் திரையை நிர்வகிக்கிற புரோகிராம் கையில. பாதுகாப்பு கூடுதல். ஆனா பல விண்டோக்களைப் பழைய இடத்துலயே திறக்க நினைக்கிற மென்பொருள்காரங்களுக்கு இதுல பெரிய குறை.

42/ இப்ப வார்டுக்குத் திரும்புவோம். "ஒரே நேரத்துல ஒரு நோயாளியோட ரெக்கார்டை மட்டும் திறக்க விட்டா போதுமே, குழப்பமே வராதே?" எனக்கும் முதல்ல இதான் தோணுச்சு. நியூயார்க்ல இதைப் பெரிய அளவுல சோதிச்சிருக்காங்க. 2019ல ஜாமா மருத்துவ இதழ்ல வந்தது. 3,356 மருத்துவப் பணியாளர்கள். ஒரு பாதிக்கு ஒரு ரெக்கார்டு மட்டும், மறு பாதிக்கு நாலு வரைக்கும் திறக்கலாம்.

43/ முடிவு? ஆள் மாறி எழுதப்பட்ட ஆர்டர்கள்ல, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒரு லட்சத்துக்கு 90.7, மறுபக்கம் 88.0. நாலு திறக்க அனுமதி இருந்தவங்களும், பெரும்பாலும் ஒண்ணை மட்டும் திறந்து வெச்சுத்தான் எழுதியிருக்காங்க. ஆக, விண்டோ எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தறது மட்டும் மருந்து இல்லை.

44/ எது உதவியது? அதே ஆய்வாளர் தரப்பு 2013ல வெளியிட்ட இன்னொரு ஆய்வு. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, நோயாளியோட இனிஷியல், பாலினம், வயசு மூணையும் மருத்துவரே திரும்பத் தட்டச்சு செய்யணும். அதுல ஆள் மாறற தவறு சுமார் 41% குறைஞ்சது. சும்மா ஒரு எச்சரிக்கையைக் காட்டி "சரி" அழுத்தச் சொன்னதுல கிடைச்ச பலன் அதை விட ரொம்பக் குறைவு.

45/ இதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். விண்டோவை எங்கே வைக்கிறதுங்கிற எல்லா விதியும், பயனரோட கவனம் எங்கே இருக்கும்னு முன்கூட்டியே போடற ஊகம். பகல் 11 மணிக்கு அந்த ஊகம் சரியா இருக்கலாம். ராத்திரி 2 மணிக்கு, 20 மணி நேரம் தூங்காத கண்ணுக்கு, ஒரு வயசு எண் மாறினது தெரியாது. அதே விண்டோ ரெண்டு விரல் தள்ளித் திறந்திருந்தா, ரெண்டு இருக்குன்னு கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும்.

46/ மருத்துவமனை மென்பொருள் எழுதற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி விண்டோக்களை ஒண்ணு மேல ஒண்ணு அச்சுப் பிசகாமத் திறக்க விடாதீங்க. பேரைப் பெருசா, பக்கத்துலயே வயசு, பெட் நம்பரோட போடுங்க. அது எந்த நேரமும் மறையக் கூடாது. சிஸ்டம் மெதுவா இருக்கும்போது ரெண்டாவது கிளிக்கை ஏத்துக்காதீங்க. 1980கள்ல இருந்தே பதில்கள் இருக்கு, எடுத்துப் போட்டாப் போதும்.

47/ நான் இப்ப செய்யறது: ஒண்ணை மூடாம அடுத்ததைத் திறக்க மாட்டேன். ரிசல்ட்டைப் படிக்கும்போது பேர், வயசு, பெட் நம்பர் மூணையும் சத்தமாச் சொல்லுவேன். சிஸ்டர் கேஸ் ஷீட்ல சரிபார்ப்பாங்க. அஞ்சு செகண்டு ஆகும். எங்க வார்டுல புதுசா வர்ற ஹவுஸ் சர்ஜன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிடறேன்.

48/ பொதுமக்களுக்கும் ஒண்ணு. "இப்பதானே சீட்டுல எழுதிக் குடுத்தேன், திரும்பத் திரும்பப் பேரும் வயசும் கேக்கறாங்களே"ன்னு கோவம் வரும். எனக்குத் தெரியும். தயவுசெஞ்சு கோவப்படாம சொல்லுங்க. கேட்கலைன்னா நீங்களே சொல்லுங்க. உங்க பேர்லயே இன்னொருத்தர் பக்கத்து பெட்ல படுத்திருக்கலாம். அவரோட விண்டோ உங்களோடது மேல திறந்திருக்கலாம்.

49/ அந்தப் பெரியவர் டயாலிசிஸ் முடிஞ்சு, கொஞ்ச நாள்ல நல்லபடியா வீட்டுக்குப் போனார். இளைஞருக்கும் காய்ச்சல் விட்டு, அவருக்கு முன்னாடியே போயிட்டார். ரெண்டு பேருக்கும் இப்படி ஒரு விஷயம் நடந்ததுன்னு தெரியாது. அன்னிக்குக் கேள்வி கேட்ட சிஸ்டருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

50/ மருத்துவமனைல வேலை செய்யற உங்க நண்பர்களுக்கும், மென்பொருள் எழுதற நண்பர்களுக்கும் இந்த இழையை அனுப்பி வைங்க. நாளைக்கு நைட் டியூட்டி. போய்த் தூங்கறேன்.